மூணு செண்டும் ஒரு நிபந்தனைப் பட்டாவும்

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன தோழர், நீங்களும் ரியல் எஸ்டேட்டுல இறங்கிட்டீங்களாமே? பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு மேடையில பேசிட்டு, நாலாட்டின்புதூர் பக்கம் பிளாட்டு பாக்கப் போனீங்களாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் பாதி கிண்டல், பாதி குற்றச்சாட்டு. ஆமாம், பிளாட் பார்க்கத்தான் போனேன். என் தங்கச்சி மாப்பிள்ளைக்காக. பதினோரு வருடத்துக்கு முன்னால் எனக்கே ஒன்று வாங்கினேன். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் அம்மா முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். அய்யா கூலிக்கு உழுதவர். ஐப்பசி மழை பெய்தால் மானாவாரிக் காட்டில் வேலை, பெய்யாவிட்டால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். இரண்டு பேரும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. ஆனாலும் அறுபது வயதில் அவர்கள் கையில் இருந்தது ஒரு ஏலச்சீட்டும் அரைப் பவுன் தோடும்தான்.

இதே கரிசலில், இதே மழையை நம்பி வாழ்ந்த வேறு குடும்பங்கள் எப்படி வளர்ந்தன? எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். காடு இருந்தவர் பருத்தி போட்டார். பருத்தி பொய்த்த வருடம் காட்டை அடமானம் வைத்து அடுத்த வருடத்தைத் தாண்டினார். நல்ல விலை வந்தபோது இன்னும் இரண்டு குறுக்கம் வாங்கினார். பிறகு அதன் பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கித் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தார். மகனை என்ஜினீயரிங் படிக்க வைத்தார். அந்த ஆபீஸில்தான் எங்கள் அம்மா கட்டை அடுக்கினார். உழைப்பில் அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்களிடம் ஒரு காகிதம் இருந்தது, எங்களிடம் இல்லை.

அந்தக் காகிதம் ஏன் எங்களிடம் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892 செப்டம்பர் 30-இல் சென்னை மாகாண அரசு போட்ட உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சர்க்கார் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது.

ஆனால் எங்கள் பக்கம் பெரும்பகுதி எட்டயபுரம் ஜமீன். ஜமீன் ஊரில் தரிசும் ஜமீனுடையது. அங்கே சர்க்கார் எடுத்துக் கொடுக்கச் சர்க்கார் தரிசே கிடையாது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடியானவர் பெயரில் பட்டா ஏறியது. அவரிடம் கூலிக்கு உழுதவர் பெயரில் எதுவும் ஏறவில்லை. 1961-இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்து, 1970-இல் 15 ஆகக் குறைத்தது. அதற்குள் பாதி நிலம் பேரன், பேத்தி, கோயில், டிரஸ்டு பெயர்களில் போய் உட்கார்ந்துவிட்டது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்கப் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலம் மொத்தத்தில் 9 விழுக்காட்டுக்கும் கீழே. 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 16.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 20 விழுக்காடு.

இந்தக் கணக்கெல்லாம் மேடையில் பேசுகிறவன்தான் நான். 2014-இல் ஒரு நாள் அம்மா கேட்டார், "ஊருக்கெல்லாம் நிலம் கேக்கியே, நமக்கு ஒரு மூணு செண்டு இருக்கால?"

அந்தக் கேள்வியில்தான் இது ஆரம்பித்தது. அம்மாவின் சீட்டுப் பணம் 90,000. என் மனைவியின் நகையை வைத்து 1,50,000. ஒன்பது வருடத்தில் நான் சேர்த்தது 1,20,000. மொத்தம் 3,60,000 ரூபாய். செண்ட் 1,20,000 என்று மூன்று செண்ட் வாங்கலாம்.

முதலில் பார்த்த மனையில் புரோக்கர் அண்ணாச்சி நன்றாகத்தான் பேசினார். அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்குக் கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். மறுநாள் போன் வந்தது: "பார்ட்டி விக்கிற யோசனைய விட்டுட்டாரு தம்பி." ஒரு வாரம் கழித்து அதே மனையில் வேறு ஒருவர் கல் ஊன்றியிருந்தார். இரண்டாவது இடத்திலும் அதேதான். மூன்றாவது இடத்தில் கிடைத்தது. காட்டை உழுது, கல் நட்டு, நகர் என்று பெயர் எழுதிய போர்டு வைத்திருந்தார்கள். அங்கே யாரும் என் தெருவைக் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அது அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவு. தாய்ப் பத்திரம் பார்த்தேன், வில்லங்கச் சான்று போட்டேன். டி.டி.சி.பி. அங்கீகாரம் என்று ஒன்று வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. விளைநிலத்தைக் கண்டபடி கூறுபோட்டு விற்பதைத் தடுக்க வந்த உத்தரவு அது, நியாயமானதும்கூட. ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று 2017 மே மாதம் விதிகள் வந்தபிறகுதான் மூச்சு வந்தது. கட்டணம் கட்டி 2018-இல் முறைப்படுத்தினோம்.

அடுத்த பாடத்தை மண் நடத்தியது. கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வானத்தை மட்டும் தோண்டி மேலாகக் கல்லுக்கட்டு எழுப்பினால் இரண்டாவது சித்திரையில் சுவர் விரியும். பக்கத்து மனைக்காரர் அப்படித்தான் மாட்டினார். நான் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து, கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரை வரைக்கும் தோண்டி, சரள் நிரப்பி, மேலே கம்பி கட்டி பெல்ட் போட்டேன். மதிப்பீட்டில் கால்வாசிப் பணம் மண்ணுக்குள்ளேயே போனது. செலவு வலித்தது. இன்றுவரை சுவரில் கீறல் இல்லை.

2019-இல் வீடு முடிந்தது. இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள், இன்னொன்று வாடகைக்கு.

யூடியூபில் சொத்து சேர்ப்பது எப்படி என்று பேசுகிறவர்கள் சொல்லும் சூத்திரம் இதுதானே? இடம் பார்த்து வாங்கு, வங்கிப் பணத்தில் கட்டு, வாடகையில் தவணையை அடை, விலை ஏறியதும் விற்றுப் பெரிதாக வாங்கு. நான்கு வரி. இந்த நான்கு வரியிலும் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

இடம் பார்த்து வாங்கு என்கிறார்கள். நாம் பார்க்கும் இடம் எல்லாம் நமக்கு விற்கப்படுவதில்லை. விற்கப்படும் இடம் பெரும்பாலும் ஓடை ஓரம், அப்ரூவல் இல்லாத மூலை.

வங்கிப் பணத்தில் கட்டு என்கிறார்கள். ஒரு வங்கியில் என் ஊர் முகவரியைப் பார்த்துவிட்டு, "அந்த ஏரியாவுக்கு நாங்க வீட்டுக் கடன் குடுக்கிறதில்ல" என்றார்கள். முகவரியில் இருந்தது 'காலனி' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்கிறேன். ஆனால் சொல்லை எடுத்தால் போதாது, அந்தச் சொல்லால் மறுக்கப்பட்ட கடனையும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதிவைத்தார்கள். நம் ஊரில் வரைபடம் தேவைப்படவில்லை. முகவரியே போதுமானதாக இருந்தது.

வாடகை வாங்கு என்கிறார்கள். தலித்துக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பரோடாவில் 1917-இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கரையே தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். ஆனால் தலித்தின் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராது என்பதை நான் வீட்டுக்காரன் ஆன பிறகுதான் அறிந்தேன். வந்து பார்ப்பார்கள், தண்ணி வசதி கேட்பார்கள், "நல்லா இருக்கு" என்பார்கள். கீழே இறங்கிப் பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள். பிறகு வரமாட்டார்கள். நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் 500 ரூபாய் குறைத்து 4,500-க்கு வேறு மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டோம். அவர்களும் நம் ஆட்கள்தான். இந்த 500 ரூபாய்க்கு எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் பெயர் இல்லை. நான் அதைச் சாதி வரி என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். வருடத்துக்கு 6,000.

இத்தனைக்கும் பிறகு, அந்த மனை இன்றைக்கு மூன்று மடங்கு விலை கேட்கிறது. பதினோரு வருடத்தில் மூன்று மடங்கு என்றால், ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு கூட்டு வட்டி. நகையும் சீட்டும் எங்களுக்கு அதைக் கொடுத்ததில்லை. அதனால்தான் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் மனை பார்க்கப் போனேன்.

இப்போது இன்னொரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தாவுக்கு 1976-இல் ஒரு ஏக்கர் 80 செண்ட் புன்செய் ஒப்படை செய்தார்கள். நிபந்தனைப் பட்டா. அய்யாவும் சித்தப்பாவும் உழுதார்கள், இப்போது என் தம்பி உழுகிறான். உளுந்து, பாசி, மக்காச்சோளம். மழை இருந்தால் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் சோலார் கம்பெனிக்கு நிலம் சேர்க்கிறோம் என்று புரோக்கர்கள் வந்தார்கள். பக்கத்துப் பட்டா நிலம் ஏக்கர் 7 லட்சத்துக்குப் போனது. தம்பியிடம் ஒருவர் சொன்னார்: "இது கண்டிஷன் பட்டா, கிரயம் ஆகாது. ஏக்கருக்கு ஒண்ணரை தாரேன். ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

2,70,000 ரூபாய். தம்பி மகளுக்கு அப்போதுதான் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருடத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். பணம் கட்டக் கடைசித் தேதி பத்தொன்பது நாளில்.

நான் கூடாது என்றேன். 2011-லேயே உச்ச நீதிமன்றம், பவர் பத்திரத்தை வைத்து நிலம் விற்றால் உரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒப்படை நிலமென்றால் இன்னும் மோசம். அந்த 'செல்லாது' என்ற சொல்லைக் காட்டித்தான் ஏழு லட்சம் நிலத்தை ஒன்றரை லட்சத்துக்குக் கேட்கிறார்கள். பவர் கையில் வந்ததும் வேலி போடுவார்கள், பிறகு வழக்கு இருபது வருடம் நடக்கும். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். இப்படித்தான் பஞ்சமி நிலம் கைவிட்டுப் போனது. ஒரு மூட்டை நெல்லுக்கும், ஒரு கல்யாணக் கடனுக்கும், ஒரு கைநாட்டுக்கும். அதை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சொன்னான்: "அண்ணே, விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. பிள்ளை படிப்புக்கு ஒத்த ரூபா தராது. அப்ப இது சொத்தா, சாமி சிலையா? உனக்கு டவுன்ல வீடு இருக்கு. கொள்கை பேசலாம்."

இந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது உண்மை. நிபந்தனை நிலத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் நிலம் வைத்திருப்பவனை மேலே தூக்கிவிடவில்லை. திருடாமல் இருக்கப் பூட்டிய பெட்டியைத் திறக்கும் சாவியை அரசு நமக்கும் கொடுக்கவில்லை. அடமானம் வாங்காத வங்கிக்குப் பதிலாக அரசே ஜாமீன் நின்று கடன் கொடுத்திருக்கலாம், கிணறு வெட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. வறண்ட காட்டை மட்டும் கொடுத்துவிட்டு, அதை விற்காதே என்று காவல் வைத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி நானும் மனைவியும் பேசினோம். மறுநாள் டவுன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அடமானம் வைத்தேன். ஒன்பது நாளில் இரண்டு லட்சம் வந்தது. தம்பி மகள் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். காடு இன்னும் எங்கள் பெயரில் இருக்கிறது.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தம்பி ஒரு வருடம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடனை மாதாமாதம் நான்தான் கட்டுகிறேன், சில மாதம் தவறுகிறது. ஆனால் ஒன்று புரிந்தது. மூன்று செண்ட் பத்திரம் ஒன்பது நாளில் செய்ததை, ஒரு ஏக்கர் 80 செண்ட் ஏறத்தாழ ஐம்பது வருடத்தில் செய்யவில்லை. அதே சமயம், அந்த மூன்று செண்ட் இல்லாதிருந்தால் ஒரு ஏக்கர் 80 செண்டும் போயிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

சொத்து சேர்த்துவிட்டால் சாதி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31-இல் சுமார் 600 போலீஸார் உள்ளே நுழைந்த ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து, படித்து, வீடு கட்டியிருந்த மக்கள். தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் மெஷின், தானிய மூட்டை எல்லாம் நொறுக்கப்பட்டன. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிக்கப்பட்டன. கோபம் எதன் மேல் இருந்தது என்பதை உடைத்த பொருட்களின் பட்டியலே சொல்லும். அமெரிக்காவின் டல்சா நகரில் 1921-இல் கிரீன்வுட் என்ற கறுப்பின மக்களின் வணிகப் பகுதியை இரண்டே நாளில் எரித்துச் சாம்பலாக்கினார்கள். 35 தெருக்கட்டுகள். காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரவில்லை. தனியாளாகச் சேர்த்த சொத்துக்கு அமைப்பும் சட்டமும் வேலியாக இல்லையென்றால் அது ஒரு ராத்திரியில் போகும். அதனால்தான் கூட்டத்துக்கும் போகிறேன், பிளாட்டும் பார்க்கிறேன்.

கிண்டல் செய்த தோழருக்கும், மனை வாங்க யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் சில விஷயங்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, தாத்தா காலத்துக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம ஏ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். டி.சி. என்றோ நிபந்தனை என்றோ இருந்தால் யாருக்கும் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். யாராவது ஆக்கிரமித்திருந்தால் அது வெறும் சிவில் வழக்கு அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை இன்னும் விரிவாக்கியிருக்கிறது.

மனை வாங்கினால் அப்ரூவலைப் பார்த்த பிறகே அட்வான்ஸ். பத்திரம் வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கத் தாட்கோவில் நன்னிலம் திட்டம் இருக்கிறது. பாதி விலை மானியம், 5 லட்சம் வரை. விற்பவர் பட்டியல் சாதியினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, நிலம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வர வேண்டும். ஆசை நல்லது. ஆனால் நமக்கு விற்க மனம் வருகிற ஒருவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தேடலில் அதிகாரிகள் கூட நிற்க வேண்டும் என்று கேட்பதும் போராட்டம்தான்.

டவுன் மனை அம்மா பெயரில்தான் இருக்கிறது. பதிவு செய்த அன்றைக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் வைக்கும் கருவி அம்மாவின் கட்டைவிரலை எடுக்கவில்லை. முப்பது வருடம் கட்டை அடுக்கி ரேகை தேய்ந்துபோயிருந்தது. நான்கு தடவை துடைத்துத் துடைத்து வைத்தார்கள். ஐந்தாவது தடவை எடுத்தது. வெளியே வந்து பத்திரத்தை என்னிடம் நீட்டி, "என் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசிக்க அறிவொளியில் கற்றுக்கொண்டவர். விரலை வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.